நாரில் ஒட்டிய மணலும் சீத்தா கேம்பும்

1909ஆம் ஆண்டு, திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலை ஜெர்மானிய வேதியியலர் ஷாம்பர்க் ஆராய்ந்து, தோரியம் செறிந்த மோனசைட்டைக் கண்டறிந்தார். காஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் இன்றியமையாதிருந்த காலம் அது. மணலின் வேதியியலே மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கனிமப் படிவை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது.

விடுதலைக்குப்பின், ஆல்வாயில் பிரித்தெடுத்த தோரியத்தைத் தூய்மைப்படுத்தும் ஆலை 1955இல் டிராம்பேயில் எழுந்தது. அங்கேயே அணு ஆராய்ச்சி மையமும் வளர்ந்தது. அதன் அண்டையிலிருந்த ஜனதா காலனி, நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதம் இடிக்கப்பட்டது. தமிழர் பலர் உட்பட ஏறத்தாழ 70,000 பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் குடியமர்த்தப்பட்ட சதுப்பு நிலமே இன்றைய சீத்தா கேம்ப்.

தமிழகக் கரையின் மணலும் தமிழகத்து மக்களும் டிராம்பேயின் வரலாற்றில் சந்திக்கின்றனர். முன்னதை எழுதுவோர் பின்னவரையும் எழுதுதல் வேண்டும்.