பூணூலும் சான்றிதழும்



1606-ஆம் ஆண்டு நம் மதுரைக்கு இராபர்ட் தெ நொபிலி என்ற சேசு சபைக் குரு வந்தார். அன்று ஊரார் கண்ணுக்குக் கிறிஸ்தவர் என்றால் பரங்கியர். மாட்டிறைச்சியும் மதுவுமே அவர்களுக்கு அடையாளம். நொபிலி அந்த அடையாளத்தைக் கழற்றி வைத்தார். காவி உடுத்தினார், மரக்கறி உணவு உண்டார், சிலுவை கோத்த பூணூல் அணிந்தார். அவரோடு மதுரையில் இருந்த குரு கொன்சாலோ பெர்னாண்டஸே இதை எதிர்த்து மேலிடத்துக்கு எழுதினார். நீண்ட விசாரணைக்குப் பின், 1623-இல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

எதை அணிவது, எதைக் கழற்றுவது என்று நொபிலியால் தாமே முடிவு செய்ய முடிந்தது. அதே மதுரைச் சீமையில் சேரியில் பிறந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் வாய் திறக்கும் முன்பே, அவர் வசித்த தெரு அவரைக் காட்டிக்கொடுத்தது.

1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை அவருக்கு இன்னொரு நெருக்கடியைத் தந்தது. அந்த ஆணை பட்டியல் சாதித் தகுதியைச் சமயத்தோடு கட்டிப்போட்டது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். ஆகவே சில வீடுகளில் திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர்.

இவர்களை, விசுவாசத்தை மறைப்பவர்கள் என்று நாம் எளிதாகப் பேசிவிடுகிறோம். பொய்யை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஞானஸ்நானம் பெற்றதும் சாதிக் கொடுமை தீர்ந்துவிட்டதா? கல்லறையில்கூடச் சாதிச் சுவர் எழுப்பிய வரலாறு நம் திரு அவைக்கு உண்டே!

புனித பவுலைப் பாருங்கள். பிலிப்பியில் அடிபட்டுச் சிறையில் கிடந்தார். தாம் உரோமைக் குடிமகன் என்பதை மறுநாள்தான் அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். எருசலேமிலோ சாட்டை விழுமுன்பே சொன்னார். சொல்லும் நேரத்தை அவரே தேர்ந்துகொண்டார்.

ஆகவே, நம் திருநகருக்குப் புதிதாகக் குடிவரும் குடும்பத்திடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்காதிருப்போம். நம்மை நம்பி ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாதிருப்போம். யாரும் எதையும் மறைக்கத் தேவையில்லாத பங்காக நாம் மாறினால், சொல்ல வேண்டியதை அவர்களே சொல்வார்கள்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.