தொட்டிச் செடியும் அதன் பயணக் குறிப்பும்

உங்கள் வீட்டுத் தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். காகிதப்பூ, பப்பாளி, கொய்யா, மிளகாய், தக்காளி ஆகியவற்றில் ஒன்றாவது அங்கு இருக்கும். இவை ஐந்துமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவை என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

புதுச்சேரி நகரின் தெற்கே, கழிமுகத்தை ஒட்டி அமைந்தது தேங்காய்த்திட்டு. இங்கு எங்கள் தெருக்காரர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறன்று யாரேனும் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். விதை, கிழங்கு, பதியன் இவற்றை மாற்றிக்கொள்வோம். பெயர்ப்பலகை, சந்தா எதுவும் கிடையாது. ஒரு ஞாயிறன்று நண்பர் ஒருவர் வாளி நிறைய வெங்காயத்தாமரை கொண்டுவந்தார். ஆகாயத்தாமரை என்றும் சிலர் சொல்லும் செடிதான் அது. அதன் இளநீலப் பூ எல்லோர் கண்ணையும் கவர்ந்தது. ஆளுக்கொன்று எடுக்கப் போனபோது மூத்த அம்மையார் ஒருவர், "இது எனக்கு வேணாம் தம்பி. நீங்களும் யாரும் எடுத்துக்கிட்டுப் போவாதீங்க" என்றார். "பூச்செடிதானேம்மா, இதுல என்ன இருக்கு?" என்று கொண்டுவந்தவர் வருந்தினார். யார் சொன்னது சரி? விடை தேட நாம் இருநூறு ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

செடிகளை மாற்றிக்கொள்ளும் சங்கங்கள் நம் நாட்டிற்குப் புதியவையல்ல. 1820இல் வில்லியம் கேரி கல்கத்தாவில் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சென்னையில் அத்தகைய சங்கம் 1835இல் பிறந்தது. தாவரவியலார் ராபர்ட் வைட் அதன் முன்னோடி. இதற்கிடையே 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஒரு தோட்டம் அமைத்தனர். பழைய பேருந்து நிலையத்தருகே இன்றும் நாம் காணும் தாவரவியல் பூங்கா அதுவே.

இத்தோட்டத்தைப் பல்லாண்டு பேணியவர் சாமுவேல் பெரோத்தே. 1793இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த இவர், 1870இல் புதுச்சேரியிலேயே காலமானார். இங்கு வருமுன், 1819 முதல் 1821 வரை, கப்பலில் உயிர்ச்செடிகளைக் கொண்டுசெல்லும் பணியில் இருந்தார். ஜாவா, பிலிப்பைன்ஸ் பகுதிச் செடிகளை இன்றைய ரெயூனியன் தீவிற்கும் தென் அமெரிக்காவின் கயேனுக்கும் அவர் கொண்டுசேர்த்தார்.

அக்காலத்தில் இது எளிய வேலையன்று. மாலுமிகளுக்கே நன்னீர் அளந்துதான் கிடைக்கும். செடிக்கு எங்கே போவது? மேல்தளத்தில் வைத்தால் உப்புத் திவலை இலையைக் கருக்கும். கீழ்த்தளத்தில் வைத்தாலோ வெளிச்சமில்லை. எனவே பல செடிகள் வழியிலேயே மாண்டன.

இச்சிக்கலைத் தீர்த்தது ஒரு கண்ணாடிப் புட்டி. 1829இல் நத்தானியேல் வார்ட் என்ற லண்டன் மருத்துவர், கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணுடன் புட்டியில் இட்டு மூடி வைத்தார். அந்துப்பூச்சி வெளிவருவதைக் காண்பதே அவர் நோக்கம். ஆனால் மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன! தண்ணீர் ஊற்றாமலேயே அவை ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன.

காரணம் எளிது. பகல் வெப்பத்தில் மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் நீர் ஆவியாகிறது. மூடிய புட்டியிலிருந்து ஆவி வெளியேற வழியில்லை. கண்ணாடி குளிர்ந்ததும் அது திவலைகளாகப் படிந்து மீண்டும் மண்ணில் இறங்குகிறது. சூடான சோற்றுப்பானையின் மூடியில் நீர் கோப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவம்தான். ஒளி உள்ளே வரும், உப்புத் திவலை வராது. 1833இல் வார்ட் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை சிட்னிக்கு அனுப்பினார்; மாதக்கணக்கான பயணத்திற்குப் பின்னும் அவை உயிருடன் இருந்தன. பின்னர் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சாரலுக்கு வந்ததும் இத்தகைய பெட்டிகளில்தான்.

கடலின் தடை நீங்கியது. ஆனால் செடியுடன் அதன் பகைவர்கள் வரவில்லை என்பதை அன்று பெரும்பாலோர் எண்ணவில்லை. சொந்த நாட்டில் ஒரு செடியைத் தின்று அடக்கும் பூச்சிகளும் நோய்களும் புதிய நாட்டில் இருப்பதில்லை. அழகுக்காக வந்த உன்னிச்செடி காடுகளில் பரவியது. அமேசான் பகுதியைச் சேர்ந்த வெங்காயத்தாமரையும் பூவின் அழகுக்காகவே வங்காளத்திற்கு வந்ததாகக் கூறுவர். அது நீர்வழிகளை அடைத்துவிட, 1936இல் அதை ஒழிப்பதற்கென்றே வங்காளத்தில் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

சற்றுக் கணக்கிடுவோம். சாதகமான நீரில் இச்செடி இரண்டு வாரத்தில் இரட்டிக்கும் எனக் கொள்வோம். ஒரு செடி இருபது வாரத்தில் 1,024 ஆகும். நாற்பது வாரத்தில் பத்து இலட்சத்தைத் தாண்டும்! நீர்ப்பரப்பை அது போர்வைபோல் மூடினால் ஒளி உள்ளே இறங்காது, நீரில் உயிர்வளி குறையும், மீன்கள் மடியும்.

அந்த அம்மையாருக்கு இக்கணக்குத் தெரியாது. ஆனால் அவர் பிறந்த ஊரின் ஏரி இச்செடியால் மூடியதைச் சிறுவயதில் கண்டிருக்கிறார். வாளிச் செடிகளை அன்றே வெயிலில் உலர்த்தி எருக்குழியில் புதைத்தோம். கொண்டுவந்தவரே மண்ணைத் தள்ளினார்.

அப்படியானால் வெளிநாட்டுச் செடியே வேண்டாமா? மிளகாயில்லாத குழம்பை யார் விரும்புவார்? தேவை விலக்கு அன்று, விவரம். பெரோத்தே 1867இல் புதுச்சேரித் தோட்டத்துச் செடிகளின் பட்டியலை நூலாக வெளியிட்டார். எங்கள் கூட்டத்திலும் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. செடியின் பெயர், பிறந்த நாடு, யார் தந்தது, எப்படிப் பரவும் என்ற நான்கு விவரங்களை எழுதிய பிறகே செடி கைமாறும்.

அந்நோட்டில் தனிப்பக்கம் பெற்றது, யாரும் தொட்டியில் வளர்க்காத வெண்கண்டல். எங்கள் கழிமுகத்து அலையாத்திக் காட்டைச் சேர்ந்தது. எந்த உப்பிலிருந்து காக்கப் பிற செடிகளுக்குக் கண்ணாடிப் பெட்டி தேவைப்பட்டதோ, அந்த உப்பை இது தன் இலைச் சுரப்பிகளால் வெளியேற்றிவிடுகிறது. அலையின் வேகத்தைத் தணித்துக் கரையையும் காக்கிறது. அதற்கெதிரே "பிறந்த இடம்" என்ற கட்டத்தில் அம்மையார் தம் கையாலேயே எழுதினார்: "நம்ம ஊர்."

உங்கள் தொட்டிச் செடிக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?