பல்லைப் பிடுங்கலாமா, கூடாதா? ஒரு நூற்றாண்டுச் சண்டை!

பல்லுக்குக் கம்பி போடப் போகும் பிள்ளைகளில் சிலரிடம், "முதலில் நாலு பல்லை எடுக்க வேண்டும்" என்பார் டாக்டர். "சொத்தைகூட இல்லையே, நல்ல பல்லை எதுக்குப் பிடுங்கணும்?" என்று அம்மாக்கள் பதறிப்போவார்கள். அந்தப் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. ஏனென்றால், இதே கேள்விக்காக அமெரிக்கப் பல் மருத்துவர்கள் தங்களுக்குள்ளேயே பல தலைமுறைகளாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்!

கோணல் பல்லை நேராக்கும் முயற்சி பழையது. பிரான்ஸைச் சேர்ந்த பியர் ஃபோஷார் 1728-ல் எழுதிய நூலிலேயே, ஒரு உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி இழுக்கும் முறை இருக்கிறது. ஆனால் இதைத் தனித் துறையாக வளர்த்தவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் (1855-1930). மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை வைத்து 1899-ல் அவர் செய்த வகைப்பாடு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 1900-ல் செயின்ட் லூயிஸ் நகரில் இதற்கென்றே ஒரு பள்ளியும் தொடங்கினார்.

ஆங்கிளின் கொள்கை எளிமையானது. இயற்கை கொடுத்த ஒரு பல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது. பற்களைச் சரியான இடத்தில் நிறுத்தினால், அவற்றைத் தாங்கும் எலும்பு தானாக வளர்ந்துகொள்ளும் என்று நம்பினார்.

இதை எதிர்த்தவர் கால்வின் கேஸ். தாடையில் இடமே போதாத சிலருக்குப் பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். 1911-ல் இது பெரிய விவாதமாக வெடித்தது. ஆங்கிளின் மாணவர் மார்ட்டின் டூவி கேஸைக் கடுமையாகத் தாக்கினார். முடிவில் ஆங்கிள் பக்கமே ஓங்கியது. பல்லைப் பிடுங்குவது கிட்டத்தட்டப் பாவமாகிவிட்டது.

கதையின் திருப்பம் இனிமேல்தான். ஆங்கிளின் கடைசிக் கால மாணவர்களில் ஒருவர் சார்லஸ் ட்வீட். அரிசோனாவில், குரு சொன்னபடி பல் பிடுங்காமல் சில ஆண்டுகள் சிகிச்சை செய்தார். பிறகு தன் பழைய நோயாளிகளைத் திரும்பப் பார்த்தபோது மனம் உடைந்தது. பலருக்குப் பல் வரிசை மீண்டும் கோணியிருந்தது. சிலருக்கு வாயே முன்தள்ளித் தெரிந்தது.

ட்வீட் தன் தோல்விகளை மறைக்கவில்லை. அந்த நோயாளிகளைத் திரும்ப அழைத்து, கோரைப் பல்லுக்கு அடுத்த சிறிய கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, மறுபடி சிகிச்சை செய்தார். அதுவும் இலவசமாக! 1940-ல் சிகாகோ மாநாட்டில், இப்படி இரண்டு முறையும் சிகிச்சை பெற்ற 100 பேரின் பதிவுகளை அப்படியே எடுத்து வைத்தார். குருத் துரோகி என்று பலர் கொதித்தார்கள். ஆனால் கண் முன்னால் இருந்த கணக்கை யாராலும் மறுக்க முடியவில்லை.

உலகின் இன்னொரு மூலையில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், ஆங்கிளிடம் படித்த ரேமண்ட் பெக்கும் 1928 முதலே பல் எடுக்கும் முறைக்கு மாறியிருந்தார்.

இத்துடன் சண்டை முடிந்ததா? இல்லை! ஊசல் மறுபக்கம் ஒரேயடியாகப் போய்விட்டது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக மருத்துவமனையில், கம்பி போட்டவர்களில் பல் எடுக்கப்பட்டவர்கள் 1953-ல் 30 சதவீதம். 1968-ல் அது 76 சதவீதம். 1993-ல் மீண்டும் 28 சதவீதம்! பல் எடுத்தால் முகம் உள்வாங்கிவிடுமோ என்ற கவலை ஒரு காரணம். பல் எடுத்தவர்களுக்கும் நாளடைவில் வரிசை கலைவதை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியது இன்னொரு காரணம். கம்பியைக் கழற்றிய பிறகும் ரிட்டெய்னர் போடச் சொல்வது இதனால்தான்.

1953-ல் இருந்த பிள்ளைகளின் தாடையும் 1968-ல் இருந்த பிள்ளைகளின் தாடையும் அவ்வளவு மாறியிருக்க வாய்ப்பில்லை. மாறியது டாக்டர்களின் நம்பிக்கைதான். இன்று எக்ஸ்ரே எடுத்து, இடத்தை அளந்து, முக அமைப்பையும் பார்த்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். சிலருக்கு எடுக்க வேண்டும், சிலருக்கு வேண்டாம்.

பிடுங்கிய நிரந்தரப் பல் திரும்ப முளைக்காது. ஆகவே "எதுக்குப் பிடுங்கணும்?" என்று கேட்கும் அம்மாவுக்கு, அந்தப் பிள்ளையின் வாயைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். குருவின் பெயரைக் காட்டி அல்ல. ட்வீட் செய்து காட்டியதும் அதைத்தானே!