குடியுரிமையின் வழிகளும் தோட்டத் தமிழரும்

ஒரு நாட்டின் குடிமக்களாவதற்குச் சட்டம் காட்டும் வழிகள் சிலவே. 1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம் பிறப்பு, மரபு, பதிவு, இயல்புரிமை, நிலப்பகுதி இணைப்பு என ஐந்தனைக் கூறுகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 22ஆம் அதிகாரத்தில், சேனாபதி பெரும்பொருள் கொடுத்து உரோமக் குடியுரிமை பெற்றதையும், பவுல் பிறப்பினாலேயே அதனை உடையவராயிருந்ததையும் காண்கிறோம். உழைப்பு என்பது தனியொரு வழியாக எங்கும் எண்ணப்படவில்லை. இதன் விளைவை இலங்கைத் தோட்டத் தமிழரின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

சுந்தரபாண்டியம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்திலிருந்தும் மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் மாவட்டங்களிலிருந்தும், பஞ்சத்தாலும் கடனாலும் நெருக்குண்ட ஏழைகள் 19ஆம் நூற்றாண்டில் கங்காணிகளின் பின்னே கண்டி மலைகளுக்குச் சென்றனர். முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் வளர்த்தனர். திருச்சபையும் அவர்களைத் தொடர்ந்து சென்று, 1854இல் தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கியது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இம்மக்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தோரிடமும், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயன் அறைகளில் பிறந்தவர்களிடம் அத்தகைய சான்றுகள் அரிதாகவே இருந்தன. பதிவு வழியைத் திறந்த 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏறத்தாழ 8,25,000 பேர் விண்ணப்பித்தும், சுமார் 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே குடியுரிமையற்றோரின் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டோரின் கருத்து கேட்கப்படவில்லை. தாம் கண்டிராத 'தாயகத்தில்' வந்திறங்கியோர் பலர். இலங்கையில் தங்கிவிட்டோரின் நாடற்ற நிலை 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே தீர்ந்தது.

ஆயினும் வரலாறு முடிந்துவிடவில்லை. 1983க்குப்பின் அகதிகளாக வந்து தமிழக முகாம்களில் வாழ்வோருள் மலையக மரபினரும் உளர். 1987 ஜூலை முதல், இந்தியாவில் பிறப்பது மட்டும் குடியுரிமைக்குப் போதாது. பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாயிருத்தல் வேண்டும். ஆகவே முகாமில் பிறந்த பிள்ளைக்கும் பிறப்பு வழி அடைபட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகியவற்றிலிருந்து வந்தோரையே கருதியது; இலங்கையைச் சேர்க்கவில்லை. எனினும் அவ்வாண்டு ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, வழக்குத் தொடுத்த மலையக மரபினர் குடியுரிமை கோரி விண்ணப்பிக்கலாம் எனவும், நடுவண் அரசு அதனைப் பரிசீலிக்க வேண்டும் எனவும் தீர்ப்பளித்தது.

பவுல் தம் குடியுரிமையைச் சொன்ன அளவில் அவரை அடிக்க வந்தவர்கள் விலகினர். தோட்டத் தமிழரோ சொல்லியும் நம்பப்படவில்லை, தாள் கேட்கப்பட்டது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகளை எழுதும் பொறுப்பு ஆயர்களாகிய நம்மிடம் உள்ளது. பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர், நாள் ஆகியவற்றைப் பிழையின்றி எழுதிக் காப்போமாக. இரண்டு தலைமுறைக்குப்பின் ஓர் ஏழையின் கையில் இருக்கும் ஒரே சான்று அதுவாகவும் இருக்கக்கூடும்.