ஒலி ஒத்திசைவுத் திருத்தம்

வீட்டில் பதிவு செய்த தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் கணினியில் தொகுக்கும்போது படத்தைவிட்டு ஒலி முந்தியோ பிந்தியோ போவதுண்டு. அதை மீண்டும் படத்தோடு பொருத்துவது ஒலி ஒத்திசைவுத் திருத்தம். ‘லிப் சிங்க்’ சரிசெய்தல் என்றும் சொல்வர்.

பிந்தும் ஒலியை மனிதர் ஓரளவு பொறுத்துக்கொள்வர். முந்தும் ஒலி உடனே உறுத்தும். இடியோசை மின்னலுக்குப் பின் வருவதைப் பார்த்துப் பழகிய புலன்கள் அல்லவா! சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி சுமார் 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்பவருக்குத் தெரியத் தொடங்கும். இந்தியா பின்பற்றிய ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 ஃபிரேம்கள். ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிநொடி. எனவே இரண்டு ஃபிரேம் அளவுக்கு ஒலி முந்தினாலே பேச்சு உதட்டைவிட்டு விலகித் தெரியும்.

திருத்தத்தில் கை வைக்குமுன் விலகல் எவ்வகை என்று அறிய வேண்டும். பலரும் தடுமாறுவது இங்கேதான். பதிவின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் அளந்தால் போதும். பேசுபவரின் முகம் அருகில் தெரியும் காட்சியில் ப, ம வரும் சொற்களைத் தேர்வது நல்லது. இவ்விரண்டும் இரு உதடுகளும் சேர்ந்து பிறப்பவை என்று தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. உதடு மூடித் திறக்கும் ஃபிரேமையும் ஒலி அலைவரைபடத்தில் அந்த எழுத்து எழும் இடத்தையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகக் கிடைக்கும்.

மூன்று இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் வேலை எளிது. டிஜிட்டல் ஒளிபரப்பில் படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனி நேரமுத்திரை உண்டு. நொடியை 90,000 கூறாக்கி அது குறிக்கப்படுகிறது. இரண்டையும் தனிக் கோப்புகளாகப் பிரித்தால் அம்முத்திரை தொலைந்து, தொடக்க வேறுபாடு மட்டும் எஞ்சும். டிஜிஇண்டெக்ஸ் மென்பொருள் அந்த வேறுபாட்டை ஒலிக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடும். -64 என்றிருந்தால் ஒலியை 64 மில்லிநொடி முன்னே இழுக்க வேண்டும். வர்ச்சுவல்டப் என்னும் தொகுப்பு மென்பொருளில் ஆடியோ பட்டியலின் ‘இன்டர்லீவிங்’ பகுதியில் இந்த எண்ணை இடலாம். நேர்மறை எண் ஒலியைத் தாமதமாக்கும், எதிர்மறை எண் முன்னே கொண்டுவரும்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகல் வளர்ந்தால் எண்ணை மாற்றிப் பயனில்லை. விஎச்எஸ் நாடாவிலிருந்து மாற்றும்போது படத்தை கேப்சர் கார்டும் ஒலியை சவுண்ட் கார்டும் தனித்தனிக் கடிகாரத்தில் பதிவதே பெரும்பாலும் காரணம். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்க வேண்டிய சவுண்ட் கார்டு 47,990 மட்டும் எடுத்தால், ஒரு மணி நேர முடிவில் முக்கால் நொடி பிசகு சேர்ந்துவிடும். ஒலியின் மொத்த நீளத்தைப் படத்தின் நீளத்துக்குச் சமமாக நீட்டவோ சுருக்கவோ வேண்டும். மாற்றம் மிகச் சிறியது என்பதால் குரலின் சுருதி மாறுவது காதுக்குத் தெரியாது.

விலகல் திடீரென்று ஓரிடத்தில் தாவுவதும் உண்டு. பழைய நாடாவின் சேதத்தால் ஃபிரேம்கள் விடுபட்டிருக்கும், அல்லது மழையில் டிஷ் சிக்னல் அறுந்திருக்கும். பத்து ஃபிரேம் போனால் படம் 0.4 நொடி சுருங்கி, அங்கிருந்து ஒலி பிந்தத் தொடங்கும். முழுக் கோப்பையும் ஒரே எண்ணால் திருத்துவது இங்கே தவறு. தாவல் நிகழ்ந்த இடத்தில் வெட்டி, அடுத்த பகுதியைத் தனியே பொருத்த வேண்டும். விளம்பரம் நீக்கும் வேலையையும் ஒத்திசைவு சரியான பின் வைத்துக்கொள்வதே நல்லது.

சோதிக்கும்போது கம்பியுள்ள இயர்போனைப் பயன்படுத்துங்கள். புளூடூத் கருவிகள் தாமே ஒலியைத் தாமதப்படுத்துவதால், சரியான பதிவும் பிசகியதாகத் தோன்றும். திருத்திய கோப்பை மூன்று இடங்களில் ஓடவிட்டுப் பார்க்கும்வரை மூலப் பதிவை அழிக்காதீர்கள்.