எண்ணிக்கைக்கு அடங்காத தொகுதி

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் குமரி மாவட்டத்துத் தேநீர்க் கடைகளிலும், நம் ஆலய முற்றங்களிலும்கூட, ஒரு கணக்குப் பேசப்படுகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இம்மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 49 பேர் இந்துக்கள். 47 பேர் கிறிஸ்தவர்கள். 4 பேர் இஸ்லாமியர். இவ்வெண்களை அறிந்தவர்க்குத் தேர்தல் முடிவும் முன்னரே தெரிந்துவிடும் என்பது பலரது எண்ணம். ஆனால், முன்பு நாகர்கோவில் என்றும், 2009 முதல் கன்னியாகுமரி என்றும் பெயர் பெற்றுள்ள இந்நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறு இவ்வெண்ணத்துக்கு இடம் தருகிறதா?

முதற் பொதுத்தேர்தலின்போது இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அன்று மக்கள் முன் நின்ற வினா மதத்தைப் பற்றியதன்று, மொழியைப் பற்றியது. தமிழ் பேசும் வட்டங்கள் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் சார்பில் மார்ஷல் நேசமணி வெற்றி பெற்றார். அவர் கிறிஸ்தவர், அவரோடு தோள் கொடுத்தோரில் இந்துக்கள் பலர். 1954 ஆகஸ்ட் 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் சிந்திய இரத்தம் எந்த மதத்தினது என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் குமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு இணைந்தன.

1957-ல் காங்கிரஸ் சார்பில் வென்றவர் அதே போராட்டத்தில் பங்குகொண்ட தாணுலிங்க நாடார். பிற்காலத்தில் இவர் இந்து முன்னணியின் தலைவரானார். ஒரே களத்தில் நின்றோர் இரு திசைகளில் பிரிந்த கதையை இவரது வாழ்வில் காண்கிறோம். 1962-லும் 1967-லும் நேசமணி மீண்டும் வென்றார். 1967-ல் தமிழகமெங்கும் காங்கிரஸ் வீழ்ந்தது. விருதுநகர் மக்கள் காமராசரையே தோற்கடித்தனர். மறு ஆண்டு நேசமணி மறைந்தபோது, அந்தக் காமராசரை 1969 சனவரி இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது இத்தொகுதி. 1971-ல் தமிழகத்தில் பழைய காங்கிரஸ் பெற்ற ஒரே நாடாளுமன்ற இடமும் இதுவே. வேற்று மாவட்டத்தவர், வேற்று மதத்தவர் என்று நம் முன்னோர் அவரை ஒதுக்கவில்லை.

காமராசருக்குப்பின் 1977-ல் அவர்தம் தொண்டர் குமரி அனந்தன் வென்றார். 1980 முதல் 1998 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றவர் என். டென்னிஸ், முதல் நான்கு முறை காங்கிரஸ் சார்பிலும், பின் இரு முறை தமிழ் மாநில காங்கிரஸ் சார்பிலும் நின்றார்.

இக்காலத்தின் நடுவே, 1982 மார்ச்சில், மண்டைக்காட்டுக் கலவரம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் மீனவர்கள் மாண்டனர். கடற்கரை ஊர்களும் உள்நாட்டு ஊர்களும் ஒன்றையொன்று அஞ்சின. தலைகளை மதவாரியாக எண்ணும் பழக்கம் அந்த அச்சத்தில்தான் வேர்கொண்டது எனலாம். 1996-ல் இத்தொகுதிக்குட்பட்ட பத்மநாபபுரம், தமிழகச் சட்டமன்றத்துக்கு முதல் பாரதீய ஜனதா உறுப்பினரை அனுப்பியது. 1999-ல் அக்கட்சியின் பொன். இராதாகிருஷ்ணன் நாடாளுமன்றத்துக்குச் சென்றார். அன்று அவருக்குத் துணை நின்றது தி.மு.க. கூட்டணி என்பதை மறத்தலாகாது. கூட்டணி மாறியதும், 2004-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் வென்றார். 2009-ல் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன் இத்தொகுதியின் முதல் பெண் உறுப்பினரானார்.

அடுத்து வந்த தேர்தல்களின் எண்கள் நம் சிந்தனைக்குரியவை. பொன். இராதாகிருஷ்ணன் 2014-ல் 3,72,906 வாக்குகள் பெற்று வென்றார். 2019-ல் 3,67,302 வாக்குகள் பெற்றுத் தோற்றார். ஏறக்குறைய அதே வாக்கு, முடிவோ நேர்மாறு! 2014-ல் காங்கிரஸ், அ.தி.மு.க., தி.மு.க., மார்க்சிஸ்ட் எனப் பிரிந்து கிடந்த எதிர்வாக்குகளுள் பெரும்பகுதி 2019-ல் ஒருங்கே திரண்டது. அதற்குள் 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் வீசியிருந்தது. கடலுக்குச் சென்றோர் பலர் திரும்பவில்லை. துறைமுகத் திட்டத்தால் கரையை இழப்போமோ என்ற கலக்கமும் மீனவரிடையே இருந்தது. 2019-ல் 6,27,235 வாக்குகள் பெற்று வென்ற எச். வசந்தகுமார் ஓர் இந்து. குமரி அனந்தனின் தம்பி. அனந்தனின் மகள் தமிழிசை அப்போது பாரதீய ஜனதாவின் மாநிலத் தலைவர். ஒரு குடும்பத்தையே ஒரு கட்சிக்குள் அடைக்க இயலாதபோது, ஒரு சமயத்தை எங்ஙனம் அடைப்பது? 2020-ல் வசந்தகுமார் பெருந்தொற்றுக்குப் பலியானபின் 2021 இடைத்தேர்தலிலும், 2024 பொதுத்தேர்தலிலும் அவர் மகன் விஜய் வசந்த் வென்றார்.

இந்துக்களுள் பெருந்தொகையினர் வாக்களிக்காமல் இவ்வெற்றிகள் கிடைத்திரா. கிறிஸ்தவர் வாக்கு மட்டுமே இத்தொகுதியை ஆள்கிறது என்று அஞ்சுவோரும், ஆள்கிறது என்று பெருமை கொள்வோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இரு சாராருமே அயலாரின் மனச்சான்றை மறந்துவிடுகின்றனர்.

தடையின்றி வாக்களிக்கும் உரிமையையும், அதனைப் பொதுநலனுக்காகப் பயன்படுத்தும் கடமையையும் குடிமக்கள் நினைவிற்கொள்ள வேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவுறுத்துகிறது. பொதுநலன் என்பது நம்மவர் நலன் மட்டுமன்று. வலை உலர்த்தும் மீனவர், இரப்பர் பால் வெட்டுவோர், முந்திரி ஆலையில் உழைக்கும் பெண்கள் ஆகிய அனைவரின் நலனும் அதில் அடங்கும். ‘நம்மவர் எத்தனை பேர்?’ என்று கேட்பதற்கு முன், ‘நம் அயலார்க்கு என்ன நேரும்?’ என்று கேட்கக் கற்றுக்கொள்வோம். நேசமணிக்கும் காமராசருக்கும் வாக்களித்த நம் பெற்றோர் இவ்வினாவை அறிந்திருந்தனர். நம் பிள்ளைகளும் அதனை அறிவார்களா என்பது இனி நம் கையில் உள்ளது.