உயர்த்திய கை



நான் பத்து வயதுச் சிறுவனாயிருந்தபோது, கும்பகோணத்தில் ஒரு நாள் புகைவண்டி நிலையத்திற்கு ஜட்காவில் சென்றேன். கடைத்தெருவின் நெரிசலில், பின்னால் வந்த லாரியொன்று இடைவிடாது ஒலியெழுப்பிற்று. குதிரை மிரண்டது. வண்டிக்காரப் பெரியவர் ஒரு கையால் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்து, மறுகையை உயர்த்தி நிற்குமாறு சைகை காட்டினார். லாரி நிற்கவில்லை, மீண்டும் முழங்கியவாறே எங்களை உரசிக்கொண்டு கடந்தது. ஜட்கா பள்ளத்தில் சரிந்தது. எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. பெரியவருக்கோ கால் முறிந்தது. அதன்பின் அவர் வண்டியோட்ட நான் கண்டதில்லை.

அந்த உயர்த்திய கைக்கு ஒரு வரலாறு உண்டென்பதை, ஆசிரியனாகி இங்கிலாந்தின் சரித்திரத்தைப் படித்தபோதுதான் அறிந்தேன்.

அந்நாட்டுச் சாலைகளில் நீராவி வண்டிகள் ஓடத் தொடங்கியபோது, குதிரைகள் அவற்றைக் கண்டு வெருண்டன. ஆதலால் 1865-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. நீராவி வண்டி நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும், ஊருக்குள் 2 மைலுக்கும் மேல் விரையலாகாது. அதற்கு 60 கஜம் முன்னால் ஒருவன் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டும். எதிர்ப்படும் குதிரைக்காரரை எச்சரிப்பதும், குதிரைகள் கடந்து செல்ல உதவுவதும் அவன் கடமை. வண்டி சீழ்க்கை ஊதலாகாது. குதிரையுடன் வருபவர் கையை உயர்த்தினால், அக்கணமே நின்றாக வேண்டும்.

இச்சட்டத்தைக் கேட்டு என் மாணவர்கள் நகைப்பர். நான் அவர்களிடம் குதிரையின் இயல்பை எடுத்துரைப்பேன். அதன் கண்கள் முகத்தின் இருமருங்கும் அமைந்தவை. பின்புறத்தின் பெரும்பகுதியும் அதற்குத் தெரியும். ஐயம் தோன்றினால் எதிர்த்து நிற்பதினும் ஓடித் தப்புவதே அதன் பிறவிக்குணம். வண்டிக் குதிரையின் கண்ணோரங்களைத் தோற்பட்டையால் மறைப்பது இதனாலேயே. ஆயினும் காதை மறைப்பார் யார்?

1896-ஆம் ஆண்டில் இலேசான மோட்டார் வண்டிகளுக்கு முன்னே ஆள் நடக்கும் முறை ஒழிந்தது. வேக வரம்பும் 14 மைலாக உயர்ந்தது. ஆனால், மிரளும் குதிரையை உடையவர் கையுயர்த்தினால் நிற்க வேண்டுமென்ற விதி அவ்வாண்டின் ஒழுங்குமுறைகளிலும் நிலைபெற்றது. கொடி போயிற்று, கை நின்றது. 2022-இல் திருத்தப்பெற்ற பிரிட்டிஷ் சாலை விதித் தொகுப்பும், குதிரையைக் கடக்கையில் மணிக்கு 10 மைலுக்குள் சென்று, 2 மீட்டரேனும் விலகிப் போகுமாறு கூறுகிறது.

நம் நாட்டின் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் இக்கடமை இடம்பெற்றது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 132-ஆம் பிரிவிலும் அது தொடர்ந்தது: விலங்கு கட்டுக்கடங்காமற் போகுமென அஞ்சி, அதனை நடத்துபவர் நிறுத்தச் சொன்னால், ஓட்டுநர் நிறுத்த வேண்டும்.

ஆகவே, கடைத்தெருவில் அன்று உயர்ந்தது கெஞ்சும் கையன்று. சட்டம் தந்த உரிமையின் கை. அதனைப் பெரியவரும் அறிந்திரார். லாரி ஓட்டியவரும் அறிந்திரார்.

ஜட்காக்கள் இன்று அருகிவிட்டன. எனினும் ஒரு குதிரையையோ மாட்டையோ சாலையில் கண்டால், வேகத்தைத் தணியுங்கள், ஒலியெழுப்பாதீர்கள், விலகிச் செல்லுங்கள். கை உயர்ந்தால் நில்லுங்கள். சில வினாடித் தாமதத்தால் நமக்கு இழப்பில்லை; ஒருவருடைய கால் பிழைக்கும், பிழைப்பும் நிலைக்கும்.